காய்ந்த துண்டு

ரூபாவுக்கு விளங்காதது ஒன்றே ஒன்றுதான். ஆட்டம் தொடங்கும்போது எல்லோர் காலையும் போலக் காய்ந்து கிடக்கிற ஒரு கால், கொஞ்ச நேரம் ஆடியதும் எப்படி விலாங்கு மீனாக மாறுகிறது?

அந்தக் கால் பத்மாவதியுடையது. பத்மாவதி திருச்சானூர் கபடி அணியின் ரெய்டர். எதிரணியின் களத்துக்குள் பாடிக்கொண்டே போய், ஆளைத் தொட்டுவிட்டு, நடுக்கோட்டுக்குத் திரும்பி ஓடுகிறவள். ரூபா நகரி அணியில் லெஃப்ட் கார்னர். பாடி வருகிறவளின் கணுக்காலைப் பிடித்து, கோட்டைத் தொடவிடாமல் நிறுத்துவது அவள் வேலை. இந்த வருஷ லீக்கில் இரண்டு அணிகளும் இரண்டு தடவை மோதின. இரண்டு தடவையும் ஆரம்பத்தில் ரூபா அவளைப் பிடித்தாள். அதற்கப்புறம் பிடிக்கவே முடியவில்லை. கை சரியான இடத்தில்தான் விழுந்தது. விரல்கள் சரியாகத்தான் மடங்கின. கால் மட்டும் உறையிலிருந்து கத்தி வருவது போல உருவிக்கொண்டு போய்விட்டது.

கணுக்கால் பிடியைத் தெரிந்தவர்களுக்குத்தான் இதிலுள்ள விபரீதம் புரியும். அது பலத்தால் ஆகிற காரியம் அல்ல. மனிதக் கால் கணுக்காலில் மெலிந்து, குதிகாலில் அகன்றிருக்கிறது. மெலிந்த இடத்தில் இரண்டு கைகளையும் கொக்கி போல மாட்டிவிட்டால் போதும். பாடி வந்தவள் இழுக்க இழுக்க, கை கொஞ்சம் நழுவினாலும், குதிகாலின் அகலத்தில் வந்து தானாகவே இறுகும். அவள் எவ்வளவு வேகமாக இழுக்கிறாளோ அவ்வளவு கெட்டியாக மாட்டிக்கொள்வாள். குடத்தின் கழுத்தில் கயிறு கட்டித் தூக்குகிற அதே தத்துவம். கயிறு வயிற்றைத் தாண்டிக் கீழே இறங்க வழியில்லை. ஆனால் பத்மாவதியின் குதிகாலைத் தாண்டி ரூபாவின் கை இறங்கிக்கொண்டே இருந்தது.

எண்ணெய் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அதற்குச் சோதனை இருக்கிறது. ஆட்டத்துக்கு முன்னால் அம்பயர் ஒரு வெள்ளைத் துண்டை எடுத்து, ஒவ்வொருத்தியின் காலையும் முழங்காலிலிருந்து பாதம் வரை அழுத்தித் துடைப்பார். எண்ணெய் என்றால் துண்டில் கறை. பவுடர் என்றால் மாவு. பத்மாவதியின் காலைத் துடைத்த துண்டு, வெளுத்து வந்த துணி போலச் சுத்தமாக வந்தது. இரண்டாவது ஆட்டத்தின் நடுவில் ரூபா கையைத் தூக்கிப் புகார் சொன்னாள். அம்பயர் ஆட்டத்தை நிறுத்தி மறுபடி துடைத்தார். துண்டு கொஞ்சம் ஈரமானது, அவ்வளவுதான்.

"வேர்வைம்மா," என்றார் அவர். "ஆடிக்கினு இருக்கிற பொண்ணுக்கு வேர்க்காம பன்னீரா வடியும்?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். கேலரியிலிருந்து ஒருத்தன், "கைக்கு சாம்பல் பூசிக்கினு வாம்மே, மீன் புடிக்கறவங்க மாதிரி," என்றான். அதற்கு இன்னும் பெரிய சிரிப்பு.

அவன் சொன்னதில் பழைய உண்மை ஒன்று இருந்தது. மண் தரையில் ஆடிய காலத்தில் யாருக்கும் சாம்பல் வேண்டியதில்லை. விழுந்து எழுந்தாலே காலெல்லாம் புழுதி. குனிந்து ஒரு தேய் தேய்த்தால் கைக்கும் புழுதி. எந்த வழுக்கலும் புழுதி பட்டால் செத்துப்போகும். இப்போது லீக் வந்து, மண்ணின் மேல் நீலமும் மஞ்சளுமாக ரப்பர் மேட் விரித்துவிட்டார்கள். வீடியோவில் பளிச்சென்று தெரியுமாம். மேட்டில் ஆட ஷூ தருவதாகச் சொன்ன ஸ்பான்சர் கடைசிவரை தரவில்லை. ஆகவே மேட் புதியது, கால்கள் பழையபடி வெறுங்கால்கள். புழுதி மட்டும் இல்லை.

அடுத்த மாதம் திருப்பதியில் ஃபைனல். நகரிக்கும் திருச்சானூருக்கும்தான். மாநில அணி முகாமுக்கு ஒரு டிஃபெண்டரைத் தேர்ந்தெடுக்க சித்தூரிலிருந்து சுலோசனா மேடம் வருகிறார் என்று சொல்லியிருந்தார்கள். மாநில அணியில் ஒரு தடவை ஆடிவிட்டால், விளையாட்டு ஒதுக்கீட்டில் கான்ஸ்டபிள் வேலைக்கு மனுப் போடலாம். இல்லையென்றால் ரூபாவுக்கும் அவள் அக்கா செங்கம்மா போன வழிதான்: விடியற்காலையில் கிராமத்து முனைக்கு வரும் கம்பெனி பஸ், ஸ்ரீபெரும்புதூர் ஃபேக்டரி, ஒரே அறையில் எட்டுப் பேர் படுக்கிற ஹாஸ்டல். செங்கம்மா போன புதிதில் தினமும் போன் செய்வாள். இப்போது ஞாயிற்றுக்கிழமை மட்டும் செய்கிறாள். பேசும்போதே தூங்கிவிடுகிறாள்.

"ஃபைனல்ல இன்னொரு தபா அந்தப் பொண்ண நீ விட்டா, ஒன்ன வெளிய உக்கார வெக்கறத தவிர எனுக்கு வேற வழி இல்ல," என்று கோச் வேதாச்சலம் சொல்லிவிட்டார். "கையில பிடிப்பு போச்சு ஒனுக்கு. கேழ்வரகுக் களி துன்னு. நல்லா துன்னு."

ரூபா களி தின்றாள். கையில் ஒரு குறையும் இல்லை என்பது அவளுக்குத் தெரியும். குப்பம் அணிக்காரிகளைப் பிடித்தாள், சத்தியவேடு அணிக்காரிகளைப் பிடித்தாள். ஒருத்தியின் கால் மட்டும் கைக்கு அடங்கவில்லை என்றால் குற்றம் கையிலா, காலிலா?

அவள் சோதித்துப் பார்க்கிற ஜாதி. அணியில் ரைட் கார்னர் ஆடும் முனிலட்சுமியைத் தோப்புப் பக்கம் கூட்டிப்போய், அவள் காலில் ஒவ்வொன்றாகப் பூசினாள். தேங்காய் எண்ணெய் துண்டில் அப்பட்டமாகத் தெரிந்தது. டால்டா குளிரில் கெட்டியாக நின்றாலும் துண்டு அதையும் வழித்துக்கொண்டு வந்தது. சோப்பைத் தேய்த்துக் காயவிட்டால் துண்டில் தெரியவில்லை. ஆனால் வேர்த்ததும் நுரைத்தது. மேட்டில் யாரும் நுரையைப் பார்த்ததில்லை.

"இன்னும் இன்னா பாக்கி? நெய் தோசை ஊத்திடு என் கால்மேல," என்றாள் முனிலட்சுமி.

"கொஞ்ச நேரம் வாய மூடிக்கினு நில்லுடி."

"எனுக்குத் தெரிஞ்சி போச்சு. அவ திருச்சானூர்க்காரி. பேரே பத்மாவதி. தாயாரே கால விடுவிச்சிக்கினு போறாங்க. நீயி தாயாரையே புடிக்கப் பாத்தா நடக்குமா?"

ரூபா சிரிக்கவில்லை. அவளுக்கு வேறொன்று ஞாபகத்துக்கு வந்துகொண்டிருந்தது. இரண்டாவது ஆட்டம் முடிந்து பஸ்ஸில் திரும்பும்போது, உள்ளங்கையில் தோல் உரிந்தது. மெல்லிய, கண்ணாடிக் காகிதம் போன்ற தோல். நகத்தால் நெம்பினால் சுருண்டு வந்தது. மேட் உரசி உரிகிறது என்று விட்டுவிட்டாள். வீட்டுக்கு வந்து சாப்பாட்டுக்குக் கை கழுவினபோது கையெல்லாம் கொழகொழவென்று ஆயிற்று. வெண்டைக்காய் நறுக்கின கை போல. தேய்க்கத் தேய்க்க நூல் நூலாக இழுத்தது. அதைப் பார்க்கவே அவளுக்கு அருவருப்பாக இருந்தது. இன்னொருத்தியின் காலில் இருந்த ஏதோ ஒன்று, சோறு பிசைகிற கையில். அன்றைக்குச் சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்தாள்.

காய்ந்தால் தோல், நனைந்தால் கொழகொழப்பு. அது என்ன பொருள் என்று மட்டும் தெரியவில்லை.

தெரிந்தது வேறு வேலையாகப் போன இடத்தில். நகரி அணியின் ஓனர் கோவர்த்தனன். ஊருக்கு வெளியே பெரிய சைசிங் பட்டறை வைத்திருப்பவர். லீக் கமிட்டிக்கும் அவர்தான் சேர்மன். தன்னை ஃபைனலில் உட்காரவைக்க வேண்டாம் என்று கேட்பதற்காக ரூபா அவரைப் பார்க்கப் போனாள். அவள் வீட்டில் எல்லோரும் மாந்தோப்புக் கூலிக்குப் போகிறவர்கள். நைனா தறிப் பக்கம் தலைவைத்ததில்லை. ஆகவே சைசிங் பட்டறையின் உட்புறத்தை அவள் பார்ப்பது அதுவே முதல் தடவை.

சைசிங் என்பது தறியில் நீளவாட்டில் ஓடுகிற பாவு நூலுக்குக் கஞ்சி போடுகிற வேலை. விசைத்தறியில் பாவு நூல் ஓயாமல் உரசப்படுகிறது. பச்சை நூலாகப் பூட்டினால் சிலிர்த்து, தேய்ந்து, அறுந்து போகும். அதனால் ஆயிரக்கணக்கான இழைகளை ஒன்றாகக் கொதிக்கிற தொட்டிக்குள் இறக்கி எடுப்பார்கள். தொட்டியில் மரவள்ளி மாவு, பிசின் பவுடர், கொஞ்சம் கொழுப்பு, பூஞ்சை பிடிக்காமலிருக்க மயில்துத்தம். வெளியே வந்த நூல் சூடான பெரிய உருளையின் மேல் சுற்றிக் காயும். காய்ந்த பின் ஒவ்வோர் இழைக்கும் கண்ணுக்குத் தெரியாத ஒரு சட்டை. தொட்டால் ஒட்டாது, தேய்த்தால் உதிராது. துணி நெய்து முடித்ததும் தண்ணீரில் அலசுவார்கள். சட்டை மறுபடி கூழாகிக் கழன்றுகொள்ளும். காய்ந்தால் நிற்க வேண்டும், நனைந்தால் போக வேண்டும். அதற்கென்றே செய்த சரக்கு அது.

பட்டறைக்குள் நுழைந்ததும் புளித்த மாவும் கொழுப்பும் கலந்த ஆவி முகத்தில் அறைந்தது. ரூபா துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். கண்ணாடி அடைத்த அறைக்குள் கோவர்த்தனன் ஏசி போட்டு உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சட்டை, நெற்றியில் நாமம், மேஜைமேல் லீக்கின் கோப்பை.

"வாம்மா, உக்காரு. டீ சொல்றேன். ஏசி காத்துல நல்லா உக்காரு."

"ஃபைனல்ல என்ன எடுத்துடாதீங்க சார். கோச் சார் சொல்லிக்கினு இருக்காரு."

"அது அவரு இஷ்டம். ஆட்டத்துல நான் என்னைக்காவது தலையிட்டுக்கினு இருக்கேனா?"

டீ வந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உருளையில் நூல் சிக்கிக்கொண்டது. பட்டறை ஆள் ஒருவர் சொம்புத் தண்ணீரை எடுத்துச் சிக்கின் மேல் ஊற்றினார். கம்பி போல விறைத்திருந்த இழைகள் சட்டென்று துவண்டன. அவர் அவற்றைப் பிரித்துவிட்டு, கையைத் தொடைப்பக்கம் லுங்கியில் துடைத்தார். விரல்களுக்கு நடுவே ஏதோ நூல் நூலாக இழுத்தது.

ரூபாவின் காலடியில் அறுந்த பாவு இழைகள் கிடந்தன. ஒரு கற்றையைப் பொறுக்கினாள். மேஜைமேல் இருந்த தண்ணீரில் விரலை நனைத்து அதைத் தேய்த்தாள். கொழகொழவென்று ஆயிற்று. அதே கொழகொழப்பு.

அவள் அந்தக் கையை அவர் பக்கம் நீட்டினாள். பிறகு கேட்டாள்.

"இத கால்ல பூசினா காஞ்சி நிக்குமா சார்?"

கோவர்த்தனன் அவளைப் பார்த்தார். அவர் முகம் சுண்டும் என்று எதிர்பார்த்தாள். அவர் சிரித்தார், வகுப்பில் சரியான பதில் சொன்ன பிள்ளையைப் பார்த்துச் சிரிப்பது போல.

"கெட்டிக்காரிம்மா நீ. வேதாச்சலத்துக்கே நான் சொல்லித்தான் தெரிஞ்சுது. இது நூலுக்குப் போடற சரக்கு இல்ல, பிசின மட்டும் தனியா காச்சி, கொழுப்பு இல்லாம, வாசன இல்லாம செய்யச் சொன்னேன். மூணு கோட்டு. ஒவ்வொண்ணும் காயணும். தொட்டா தெரியாது. வேர்த்தாத்தான் வேல செய்யும்."

"அவங்க நம்மள ஜெயிச்ச டீம் சார். நீங்க நம்ம ஓனரு."

"டீமுக்கு ஓனரு. லீக்குக்குச் சேர்மன். எது பெருசு, நீயே செப்பு. ஜனம் இன்னாத்துக்கு வருது? நீ கால கட்டிப் புடிச்சிக்கினு கெடக்கறத பாக்கவா? ஒரு பொண்ணு ஆறேழு பேர் கையில இருந்து உருவிக்கினு ஓடறத பாக்க. அந்த வீடியோவ போன்ல எத்தன பேர் பாத்துக்கினு இருக்காங்க தெரியுமா? அத வெச்சித்தான் அடுத்த வருஷம் ஸ்பான்சர் வருவான். லீக் நிக்கணும்மா. நின்னாத்தான் ஒங்களுக்கெல்லாம் ஆட்டம்."

"தப்பு இல்லியா சார்?"

"எண்ணெ கூடாது, பவுடர் கூடாதுன்னு ரூல் கீது. பிசின் கூடாதுன்னு எங்க கீது? நூல் அறாம ஓடணும்னு கஞ்சி போடறோம். ஆட்டமும் அறாம ஓடணும் இல்ல?" அவர் அவள் பக்கம் குனிந்தார். "நீ ரெய்டு கத்துக்கோ. அடுத்த சீசன் ஒனுக்கும் ஒரு டப்பா குடுக்கச் சொல்றேன். பேனர்ல ஒன் மூஞ்சி வரும். டீய குடி, ஆறிப்போவுது."

டீயில் ஆடை படிந்திருந்தது. அந்த ஆளின் சுத்தமான விரல்கள், பளபளக்கிற கோப்பை, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கொதிக்கிற தொட்டி எல்லாம் சேர்ந்து ஒரே கொழகொழப்பாக ரூபாவுக்குத் தெரிந்தன. குடிக்காமல் எழுந்தாள்.

வெளியே, சேர்மனைப் பார்க்க வந்திருந்த வேதாச்சலம் பைக்கில் சாய்ந்து காத்துக்கொண்டிருந்தார். அவள் முகத்தைப் பார்த்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது.

"ஒங்களுக்குத் தெரியுமா சார்?"

"தெரியாதுன்னு வெச்சிக்கோ."

"தெரிஞ்சிக்கினே என்ன களி துன்னச் சொன்னீங்க."

அவர் பைக்கின் கண்ணாடியைத் திருப்பித் திருப்பிச் சரிசெய்தார். "புகார் குடுத்தா கமிட்டிக்குத்தான் போவும்மா. கமிட்டின்னா அவருதான். அம்பயர் மறுபடியும் துண்டாலதான் தொடைப்பான். துண்டுல ஒண்ணும் வராது."

இவர் முகத்தில் காறித் துப்பலாமா என்று ஒரு கணம் தோன்றியது ரூபாவுக்கு. துப்பவில்லை. அவர் கடைசியாகச் சொன்ன வார்த்தைகள் மனதில் மாட்டிக்கொண்டன. துண்டில் ஒன்றும் வராது. ஏன் வராது? துண்டு காய்ந்தது, பிசினும் காய்ந்தது. நடு ஆட்டத்தில் துடைத்தபோது துண்டு ஈரத்தை உறிஞ்சியது, பார்க்கிறவனுக்கு அது வேர்வை. பட்டறை ஆள் சிக்கின் மேல் துண்டைப் போட்டா தேய்த்தார்? சொம்பைத்தானே எடுத்தார்.

நகரிக்கு வந்துசேர்வதற்குள் என்ன செய்வது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. எப்படி என்பதுதான் பாக்கி. எதிரணிப் பெண்ணின் காலில் நேராகப் போய்த் தண்ணீர் ஊற்ற யார் விடுவார்கள்?

அதற்கு வழி ஊரிலேயே இருந்தது. இந்தப் பக்கத்தில் கங்கம்மா ஜாத்திரையில் கரகம் தூக்கி வருகிறவர்கள் வாசலுக்கு வந்தால், பெண்கள் குடத்தில் மஞ்சள் தண்ணீர் கொண்டுவந்து அவர்கள் காலில் ஊற்றுவார்கள். பாதத்தில் தெளித்துவிட்டுப் போவதல்ல அது. முழங்காலிலிருந்து ஊற்றி, இரண்டு கையாலும் தேய்த்துக் கழுவ வேண்டும். ஊற்றுகிற கையைத் தட்டிவிடுகிற துணிச்சல் யாருக்கும் கிடையாது.

ஃபைனலுக்கு முந்தின பயிற்சியின்போது ரூபா வேதாச்சலத்திடம் போனாள்.

"சார், ரெண்டு டீம் பொண்ணுங்களும் மாத்தி மாத்தி மஞ்சத் தண்ணி ஊத்திக்கினு ஆட்டத்த ஆரம்பிச்சா நல்லா இருக்கும். ஜாத்திரையில ஊத்தறா மாதிரி. வீடியோவுக்கும் நல்லா இருக்கும்."

வேதாச்சலம் அவளை உற்றுப் பார்த்தார். அவருக்குப் புரிந்ததா இல்லையா என்று சொல்ல முடியாது. புரிந்திருந்தால், தெரியாதென்று வைத்துக்கொள்வதில் பழக்கப்பட்டவர் அவர். போன் போட்டுச் சேர்மனிடம் சொன்னார். சேர்மனுக்கு ஒரே சந்தோஷம். மாலை போட்டு, கேமரா முன்னால், இரண்டு ஊர்ப் பெண்கள் ஒருவர் காலில் ஒருவர் தண்ணீர் ஊற்றுவது என்றால் யாருக்குத்தான் பிடிக்காது? பித்தளைக் குடங்களை அவரே தருவதாகச் சொன்னார்.

திருப்பதி மைதானத்தில் அன்றைக்கு மாலை நல்ல கூட்டம். மேட்டைச் சுற்றிலும் பேனர்கள்; எல்லாவற்றிலும் பத்மாவதி, பாதி காற்றில் பறந்தபடி. அம்பயர் வெள்ளைத் துண்டுடன் வந்து துடைத்துவிட்டுப் போனார். துண்டு சுத்தம். மேடையில் கோவர்த்தனனுக்குப் பக்கத்தில் சுலோசனா மேடம் உட்கார்ந்திருந்தார். குட்டை முடி, தடித்த கண்ணாடி, யாரோடும் பேசாத முகம்.

மேட்டுக்கு வெளியே மண்ணில் இரண்டு அணிகளும் எதிரெதிராக நின்றன. மைக் பிடித்திருந்தவர் கங்கம்மா பேரைச் சொன்னதும் கூட்டம் கைதட்டியது. ரூபா குடத்தோடு பத்மாவதியின் முன்னால் போய் மண்டியிட்டாள்.

பத்மாவதி ஒரு எட்டுப் பின்னால் நகர்ந்தாள். அவளுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. மேடையில் கோவர்த்தனனுக்கும் அப்போதுதான் உறைத்தது. நாற்காலியிலிருந்து பாதி எழுந்து, மைக் பிடித்திருந்தவருக்குக் கையைக் காட்டினார். கூட்டமெல்லாம் போனைத் தூக்கிப் பிடித்திருந்தது. திருப்பதியில், அம்மன் பேரைச் சொல்லித் தூக்கிய குடத்தை எப்படி நிறுத்தச் சொல்வது? கை காற்றிலேயே நின்று, பிறகு கும்பிடாக மாறியது.

ரூபா முழங்காலிலிருந்து ஊற்றினாள். குடத்தைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையாலும் தேய்த்தாள். முதலில் ஒன்றுமில்லை. மறுபடி ஊற்றித் தேய்த்ததும் வந்தது. மஞ்சள் நிறத்தில், மூக்குச்சளி போல, கொழகொழவென்று கையோடு வழிந்து இறங்கியது. விரலை எடுத்தால் கூடவே நூலாக நீண்டது. ரூபா பல்லைக் கடித்துக்கொண்டு வழித்து மண்ணில் உதறினாள். இவளைத் திட்டுவதற்கு அவள் மனதில் நிறைய வார்த்தைகள் தயாராக இருந்தன. நிமிர்ந்து திட்டப்போனவள், கால் தெரிந்ததும் நிறுத்திவிட்டாள்.

மூன்று பூச்சுக்கடியில் யார் கண்ணிலும் படாமலிருந்த புண், பிசின் போன இடமெல்லாம் தெரிந்தது. கெண்டைக்கால் முழுக்கச் சிவந்து, தடித்து, சில இடங்களில் சீழ் கோத்திருந்தது. பிசினைத் தனியாகக் காய்ச்சச் சொன்னவர், அது கெடாமலிருக்க மயில்துத்தம் போடுவதை மட்டும் விடச் சொல்லவில்லை போலிருக்கிறது.

"எரியுதா?" என்றாள் ரூபா மெதுவாக.

"மொதல் ஆட்டத்துல இருந்தே எரியுதுக்கா," என்றாள் பத்மாவதி. உதடு அசையாமல், கேமராவைப் பார்த்துச் சிரித்தபடி பேசினாள். "வேணாம்னு சொன்னா டீம்ல வேற ஆள் இல்லியான்னு கேட்டாங்க. எங்க வீட்ல என் சம்பளந்தான். நீ ஊத்துக்கா. நல்லா ஊத்து. அந்தக் காலையும் கழுவிடு."

ரூபா அந்தக் காலையும் கழுவினாள். புண்மேல் படாமல், பார்த்துப் பார்த்து. அவளுடைய அருவருப்பு கொஞ்சமும் குறையவில்லை. கைக்கடியிலிருந்து கிளம்பி, மேடைப் பக்கம் போய், அங்கே கும்பிட்டபடி உட்கார்ந்திருந்த வெள்ளைச் சட்டையின் மேல் படிந்தது. பிறகு பத்மாவதி குனிந்து ரூபாவின் காலில் ஊற்றினாள். அது வெறும் தண்ணீர், வெறும் கால்.

ஆட்டம் தொடங்கியது. பத்மாவதி மூன்றாவதாகப் பாடி வந்தபோது இடது மூலைக்கே வந்தாள். ரூபா காத்திருந்தாள். கால் நீண்டது. கை விழுந்தது, விரல் மடங்கியது. பத்மாவதி இழுத்தாள், கை நழுவிக் குதிகால்வரை இறங்கி, அங்கே நின்றது. முனிலட்சுமியும் மற்றவர்களும் வந்து விழுந்தார்கள். விசில் ஊதியது. கீழே கிடந்த பத்மாவதி, "இதான் ஒன் பிடியாக்கா? கல்லு மாதிரி கீது," என்றாள்.

இடைவேளைக்குப் பிறகு வேர்வை ஆறாக ஓடியது. அப்போதும் பிடி நின்றது. ரூபா அவளை நாலைந்து தடவை பிடித்தாள். பத்மாவதி அவளிடமிருந்து அதைவிட அதிகம் தப்பினாள். குனிந்து, சுழன்று, ஒரு தடவை ரூபாவின் முதுகுக்கு மேலாகவே தாண்டிப் போனாள். கடைசியில் திருச்சானூர்தான் ஜெயித்தது. கூட்டம் எழுந்து நின்று கத்தியது. இதுதான் ரூபாவுக்கு எல்லாவற்றையும்விடக் கசந்தது. இவ்வளவு ஆடத் தெரிந்தவளின் காலில், அவளுக்குத் தேவையே இல்லாத ஒரு அசிங்கத்தைப் பூசிப் புண்ணாக்கியிருக்கிறார்கள்.

கோப்பை கொடுத்து முடிந்ததும் சுலோசனா மேடம் மேடையிலிருந்து இறங்கி வந்தார். பின்னாலேயே கோவர்த்தனனும் வந்தார். மஞ்சள் தண்ணீர் ஊற்றிய இடத்தில் மேடம் நின்று, மண்ணில் காய்ந்துகொண்டிருந்த கொழகொழப்பை ஒரு குச்சியால் கிளறிப் பார்த்தார். குச்சியைத் தூர எறிந்தார்.

"முகாமுக்கு நீ வா," என்றார் ரூபாவிடம். "பழைய ரெண்டு ஆட்டத்தோட வீடியோவும் பாத்தேன். அதுல உன் பிடி நழுவிக்கிட்டே இருந்தது. இன்னிக்கு நழுவல. கை அதே கைதான். என்ன செஞ்சே?"

கோவர்த்தனன் தொண்டையைச் செருமினார். "சின்னப் பொண்ணு மேடம், அதிர்ஷ்டம்தான். ஏம்மா ரூபா?"

ரூபா அவரைப் பார்க்கவில்லை. அதிர்ஷ்டம் என்று சொல்லிவிட்டுப் போகலாம். அடுத்த ஊரில் இன்னொருத்தியின் காலைத் துண்டால் துடைப்பார்கள். துண்டு சுத்தமாக வரும்.

"கால்ல பிசின் பூசிக் காய வெக்கறாங்க மேடம், பாவுக்குக் கஞ்சி போடறா மாதிரி," என்றாள். "காஞ்ச துண்டுல அது வராது. மொதல்ல முழங்கால்ல இருந்து தண்ணி ஊத்தணும். கையால தேய்க்கணும். கொழகொழன்னு வந்தா, அது நிக்கறவரைக்கும் கழுவணும். அப்பால துண்டு."